மோர்வென் ஏறப் போகிறவர்களுக்கு

ஸ்காட்லாந்தின் கெயித்னஸ் பகுதியில் மிக உயரமான குன்று மோர்வென். 706 மீட்டர்தானே என்று எண்ணிவிட வேண்டாம். இங்கே ஆளைக் களைக்க வைப்பது காலடி நிலம்.

டன்பீத்தில் ஏ9 நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால் ஒற்றைத் தடச் சாலை பிரேமோரில் முடிந்துவிடும். எதிர் வண்டி ஒதுங்க விட்ட இடங்களில் காரை நிறுத்தாதீர்கள். அங்கிருந்து பெரிட்பேல் ஆற்றை ஒட்டி, மெய்டன் பாப் குன்றை இடப்பக்கம் விட்டு, மேற்கே கோரிஹோயிக் வீடு வரை வண்டித் தடம் உண்டு. கவலையில்லாத நடை. அதன் பிறகு உச்சி வரை கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர். பாதை என்று நம்பும்படி ஒன்றும் கிடையாது.

இந்தச் சதுப்பு மண் பீட். செடிகள் மட்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்தது. ஒரு மில்லிமீட்டர் சேர ஓர் ஆண்டு ஆகும். இதில் நடக்க நிறம் பார்க்கத் தெரிய வேண்டும். கரும்பழுப்பாக ஹெதர் புதர் அடர்ந்திருந்தால் அடியில் ஓரளவு உலர்ந்த மண். வெள்ளைக் குஞ்சம் ஆடும் பஞ்சுப் புல் என்றால் ஈரம். கண்ணைப் பறிக்கும் இளம்பச்சையில் மெத்தைபோல் விரிந்திருப்பது ஸ்பாக்னம் பாசி. ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் துணி துவைத்ததுபோல் தண்ணீர் கொட்டும். அதன்மேல் கால் வைக்காதீர்கள், சுற்றிப் போங்கள். சந்தேகமான இடத்தில் கைத்தடியை முதலில் ஊன்றிப் பாருங்கள். முழங்கால் வரை இறங்கிவிட்டால் உதறி இழுக்கக் கூடாது. பூட்ஸ் உள்ளேயே தங்கிவிடும். பின்பக்கம் உட்கார்ந்து எடையைப் பரப்பி, குதிகாலை மெல்ல அசைத்துக் காற்றுப் புக விட்டால் கால் வந்துவிடும். கணுக்காலைச் சுற்றிக் கட்டும் கெயிட்டர் இல்லாமல் இங்கே வரவே வேண்டாம்.

* * *

மேலே சொன்னதோடு மோர்வெனின் கூம்பு வடிவ உச்சிப் பகுதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மோர்வெனுக்கும் கிழக்கே ஒட்டி நிற்கும் ஸ்மால் மவுண்டுக்கும் நடுவிலுள்ள தாழ்வான இடத்தை முதலில் பிடியுங்கள். அங்கிருந்து உச்சி வரை செங்குத்துச் சரிவு. பாறை கூழாங்கற்களைக் காரையில் பதித்ததுபோல் இருக்கும். உலர்ந்த நாளில் நல்ல பிடி, மழையில் வழுக்கும். உருண்டு கிடக்கும் பாறைகளுக்கு இடையே உள்ள பொந்துகளை ஹெதர் மூடியிருப்பதுதான் பெரிய ஆபத்து. இறங்கும்போது கால் சிக்கி முறிவது இப்படித்தான். இறக்கத்துக்கும் ஏற்றத்தின் நேரத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.

நடை நேரத்துக்கு 1892-ல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன கணக்கு: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, ஏறும் 600 மீட்டருக்கு இன்னொரு மணி. அதன்படி இங்கே ஏற இரண்டரை மணி நேரம் வரும். அது கெட்டியான தரைக்கான கணக்கு. இங்கே மூன்றரை வையுங்கள். போய்வர ஏழு மணி நேரம்.

* * *

மூடுபனி பற்றி இன்னும் சொல்லவில்லை. கடலிலிருந்து ஏறிவரும் பனிக்கு இந்தப் பக்கத்தில் ஹார் என்று பெயர். காலையில் ஆர்க்னி தீவுகள் தெரிந்த உச்சியில் மதியம் பத்தடி தெரியாமல் போகலாம். 25 ஆகஸ்ட் 1942 அன்று கென்ட் பிரபு ஜார்ஜ் இளவரசர் பயணம் செய்த சண்டர்லேண்ட் விமானம் தாழ்ந்த மேகத்தில் மோதியது இதே வட்டாரத்துக் குன்றில்தான். 15 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார்.

எனவே உச்சியில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு முன்பே திரும்பும் திசையைத் திசைகாட்டியில் அமைத்துவிடுங்கள். கோரிஹோயிக் இருப்பது கிழக்குக்கும் வடகிழக்குக்கும் நடுவே. தப்பித் தெற்கே இறங்கினால் லாங்வெல் பள்ளத்தாக்கில் போய் நிற்பீர்கள். கார் குன்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும். கைபேசி வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். காகித வரைபடம் கட்டாயம். உதவிக்கு 999 அழைத்து முதலில் போலீஸ், பிறகு மலை மீட்பு என்று கேட்க வேண்டும். குறுஞ்செய்தியிலும் அழைக்கலாம், உங்கள் கைபேசி எண்ணை அதற்கென முன்கூட்டியே பதிவு செய்திருந்தால். விசில் சைகை: நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிடம் நிறுத்தம், மறுபடி ஆறு.

* * *

ஆகஸ்டிலிருந்து அக்டோபர் 20 வரை மான் வேட்டை மும்முரம். ஸ்காட்லாந்தின் 2003 நிலச் சீர்திருத்தச் சட்டப்படி நடக்க உரிமை இருந்தாலும், எந்தச் சரிவில் வேட்டை என்று அந்த நிலத்தின் பண்ணையில் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

கோடையில் காற்று அடங்கினால் மிட்ஜ் பூச்சி மொய்க்கும்; உட்காருவதென்றால் காற்றடிக்கும் மேட்டில் உட்காருங்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியது உண்ணி. கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு நடங்கள். அறைக்குத் திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் மூன்றையும் பாருங்கள். எள்ளளவுதான் இருக்கும். எண்ணெய் தடவவோ தீக்குச்சி வைக்கவோ கூடாது. நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினால் மருத்துவரிடம் போய், உண்ணி கடித்ததை முதலில் சொல்லுங்கள்.