டேஷ்போர்டுகளின் காலம் முடிந்துவிட்டதா?

கிண்டிவாசி:
எங்கள் அலுவலகத்தில், விற்பனை போன்ற எண்களை வரைபடங்களாக ஒரே திரையில் காட்டும் டேஷ்போர்டுகளைச் செய்ய உதவும் மைக்ரோசாஃப்டின் பவர் பிஐ கருவிக்கான உரிமங்களைக் குறைத்துக்கொண்டு, கேள்வியைத் தட்டச்சு செய்தால் பதில் தரும் செயற்கை நுண்ணறிவு உதவியாளருக்கு மாறலாம் என்று பேச்சு நடக்கிறது. நான் அதை ஆதரிக்கிறேன். 1958இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 'பிசினஸ் இன்டெலிஜென்ஸ்' பற்றி எழுதியபோது அவர் மனத்தில் இருந்தவை வரைபடங்கள் அல்ல. வரும் ஆவணங்களை இயந்திரமே படித்துச் சுருக்கி, எது யாருக்குத் தேவையோ அவரிடம் கொண்டுசேர்க்கும் ஏற்பாடுதான். டேஷ்போர்டை இடையில் வந்த சுற்றுவழி என்றே கருதுகிறேன்.

பேரேடு:
லூன் பேசியது ஆவணங்களைப் பற்றி. நாம் பேசுவது கணக்கைப் பற்றி. தி. நகர்த் துணிக்கடை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடியின் கடைசி நாளில் 2,000 ரூபாய்க்குப் பில் போட்ட புடவையை வாடிக்கையாளர் ஆவணியில் திருப்பிக் கொடுத்து, 1,500 ரூபாய்ச் சுடிதார் எடுத்துக்கொண்டு, மீதிக்குக் கிரெடிட் நோட் வாங்கிச் செல்கிறார். பில்லிங் பிரிவைக் கேட்டால் ஆடி விற்பனை 2,000. திரும்பி வந்ததை மூல பில்லோடு சேர்த்துக் கழிக்கும் கணக்குப் பிரிவைக் கேட்டால் ஆடியில் அந்தப் புடவைக்கு விற்பனையே இல்லை. ஜிஎஸ்டியைச் சேர்ப்பதா நீக்குவதா என்பது தனித் தகராறு. உங்கள் உதவியாளர் இவற்றுள் ஒன்றைத் தயக்கமின்றிச் சொல்லிவிடும். எந்தக் கணக்கைச் சொன்னது என்பது கேட்டவருக்குத் தெரியாது.

கிண்டிவாசி:
அந்தக் குழப்பம் டேஷ்போர்டிலும் அப்படியே இருக்கிறதே, ஐயா! மேலாளர்கள் அதைத் திறந்ததும் முதலில் தேடுவது எக்செலில் இறக்கிக்கொள்ளும் பொத்தானைத்தான். 2015இல் பவர் பிஐ பொதுப் பயன்பாட்டுக்கு வந்தபோது, ரிப்போர்ட்டுக்காக ஐடி பிரிவின் வாசலில் நிற்க வேண்டியதில்லை என்றார்கள். இப்போது டேஷ்போர்டு செய்பவரின் மேசை முன் நிற்கிறோம்.

பாரிமுனை:
ஒன்றை இருவரும் விட்டுவிட்டீர்கள். பவர் பிஐ போன்ற கருவிகளைச் செய்த நிறுவனங்களையே பாருங்கள்: 2007இல் பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸை வாங்கப்போவதாக மென்பொருள் நிறுவனமான எஸ்ஏபியும், காக்னோஸை வாங்கப்போவதாக ஐபிஎம்மும் அறிவித்தன. 2019இல் டேப்லோ சேல்ஸ்ஃபோர்ஸிடம் போனது. கருவி கைமாறிக்கொண்டேதான் இருக்கும். உங்கள் கணக்கு விதிகள் அதற்குள்ளேயே எழுதப்பட்டிருந்தால், புது முதலாளி கேட்கும் விலையைக் கொடுக்க வேண்டியதுதான்.

பேரேடு:
நான் சொல்ல வந்ததும் அதுதான். தரவுத்தளத்தில் உள்ள டேபிள் பெயர்களை மறைத்து 'விற்பனை', 'கிளை' என்று வணிகச் சொற்களில் காட்டும் அடுக்கை பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸ் 1990களிலேயே 'யூனிவர்ஸ்' என்ற பெயரில் தந்தது. உதவியாளருக்கும் அந்த அடுக்கு தேவை. அதைக் கருவிக்கு வெளியே, நம் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் எந்த விதிப்படி கணக்கிடப்பட்டது என்று காட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு உரிமங்களைக் குறைக்கலாம்.

கிண்டிவாசி:
எல்லா விதிகளையும் எழுதி முடித்த பிறகே மாறலாம் என்றால் எந்த நிறுவனமும் மாறாது. மக்கள் கேள்வி கேட்கத் தொடங்கினால்தான் எந்த விதி இல்லை என்பதே வெளிவரும். கணக்குப் பிரிவின் உரிமங்களை மட்டும் இப்போதைக்கு விட்டுவைக்கலாம் என்று சொல்லிப் பார்க்கிறேன்.

பேரேடு:
தலைகீழாகச் செய்கிறீர்கள். கணக்குப் பிரிவிடம் சரிபார்க்க மூல பில் இருக்கிறது. திரையில் வந்த எண்ணை நம்பி அடுத்த மாதச் சரக்குக்கு ஆர்டர் போடுவது விற்பனைப் பிரிவுதான். விட்டுவைப்பதானால் அவர்களுடையதை விட்டுவையுங்கள்.