எங்கள் நர்சரி வெப்சைட்டில் "குக்கீஸை ஏற்கவும்" என்று வருகிறதே, அது எதற்கு?

சந்தூர் நர்சரி:

எல்லோருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூரில் மா ஒட்டுச்செடி நர்சரி வைத்திருக்கிறோம். அப்பா காலத்தில் நேரில் வந்து செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் லாரியில் ஏற்றுவார்கள். இப்போது பாதி ஆர்டர் போனிலேயே முடிந்துவிடுகிறது. அதனால் தெரிந்த பையன் ஒருவனை வைத்து வெப்சைட் போட்டோம். பெங்களூரா, செந்தூரா, அல்போன்சா, இமாம் பசந்த் என்று ரகவாரியாகப் படமும் விலையும் இருக்கும். பிடித்ததைக் கூடையில் போட்டுக்கொள்ளலாம். ஒட்டு கட்டும் வீடியோவும் உண்டு.

போன வாரம் பாலக்கோட்டிலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார். "செடி விலை பாக்கலாம்னு உள்ள வந்தா, அடியில ஒரு பட்டை வந்து ஏத்துக்கோங்குது. அமுக்கினா பேங்க் கணக்குல கை வெச்சிடுவீங்களா தம்பி?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சைட் போட்ட பையனைக் கேட்டால், "எல்லா சைட்லயும் வர்றதுதாண்ணா, விடுங்க" என்கிறான். பட்டை முழுக்க இங்கிலீஷ். பட்டனும் ஒன்றே ஒன்று.

எங்கள் சைட் அவர் போனில் என்னதான் வைக்கிறது? இன்னொரு சந்தேகம், இது என் சொந்தத் தொல்லை. ஒரு ராத்திரி நிழல் வலை விலை தேடினேன். அன்றிலிருந்து செய்தி படித்தாலும் நிழல் வலை, கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தாலும் நிழல் வலை. இதை நிறுத்த வழி உண்டா?

ஓசூர்க்காரி:

அண்ணா, பெரியவரிடம் தைரியமாகச் சொல்லுங்கள், குக்கீயால் பேங்க் கணக்குக்கு ஒன்றும் ஆகாது. அது புரோகிராம் இல்லை. எழுத்தும் எண்ணுமாக ஒரு சின்னக் குறிப்பு, அளவு 4 கேபி சுமாருக்குள்தான். போனில் இருக்கும் போட்டோ, மெசேஜ், ஓடிபி எதையும் அதனால் படிக்க முடியாது. ஒரு சைட் வைத்த குக்கீயை அந்த சைட்டுக்கு மட்டும்தான் பிரவுசர் திருப்பிக் காட்டும்.

சைட்டை நமக்கு அனுப்பும் கம்ப்யூட்டரான வெப் சர்வருக்கு ஞாபகசக்தியே கிடையாது. செந்தூரா பக்கம் பார்த்துவிட்டு அல்போன்சா பக்கம் போகிறவர் அதே ஆள்தான் என்று அதற்குத் தெரியாது. நெட்ஸ்கேப் என்ற அந்தக் கால பிரவுசர் கம்பெனியில் இருந்த லூ மோண்டுலி 1994-ல் குக்கீயைக் கொண்டுவந்தது இதற்காகத்தான். அப்போது அவர் முன்னால் இருந்ததும் ஆன்லைன் கடையின் கூடைப் பிரச்சினைதான். தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு கொடுப்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். சீட்டில் இருப்பது நம்பர், மற்ற விவரம் உள்ளே அவர்கள் பதிவேட்டில். சீட்டை நீட்டினால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். குக்கீயில் இருப்பதும் பெரும்பாலும் அப்படி ஒரு நம்பர்தான்.

நீங்கள் தனிச்செய்தியில் அனுப்பிய லிங்கைத் திறந்து பார்த்தேன். நீங்களும் பார்க்கலாம்: கம்ப்யூட்டரில் குரோமைத் திறந்து எஃப்12 அமுக்கி, மேலே 'அப்ளிகேஷன்', பிறகு இடதுபக்கம் 'குக்கீஸ்'. கூடைக்காக ஒன்று இருக்கிறது, அது வேண்டும். சைட்டுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று கணக்கெடுக்கும் கூகுள் அனலிடிக்ஸ் வைத்தது ஒன்று. அது இரண்டு வருடம் இருக்கிற மாதிரி எழுதப்படுவது வழக்கம், ஆனால் 2022 முதல் குரோம் எந்தக் குக்கீக்கும் 400 நாளுக்கு மேல் ஆயுள் தருவதில்லை. அப்புறம் பேஸ்புக் விளம்பரத்துக்கான பிக்சல், அதாவது சைட்டுக்கு வந்தவரைப் பற்றி பேஸ்புக்குக்குச் சொல்லும் சின்னக் கோட். அதன் குக்கீக்கு 90 நாள். ஒட்டு கட்டும் வீடியோவை யாரும் ஓட்டிப் பார்க்காமலே, பக்கம் திறந்ததுமே யூடியூபும் தன் பங்குக்கு வைத்துவிடுகிறது.

நீங்கள் பேஸ்புக்கில் விளம்பரம் கொடுப்பதே இல்லையென்றால் அந்தப் பிக்சல் யாருக்கு வேலை செய்கிறது? ரெடிமேட் டெம்ப்ளேட்டோடு வந்திருக்கும், பையன் எடுக்காமல் விட்டிருப்பான். எடுக்கச் சொல்லுங்கள். யூடியூப் வீடியோவைச் சேர்க்கும்போது 'பிரைவசி என்ஹான்ஸ்டு' என்று ஒரு வசதி இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்து வீடியோவை மறுபடி சேர்க்கட்டும். எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கை நீங்கள் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்றால் அனலிடிக்ஸும் வேண்டாம். அப்புறம் பக்கம் திறந்ததும் வருவது கூடைக் குக்கீ மட்டும்தான். ஐரோப்பியச் சட்டமே அந்த மாதிரி அவசியக் குக்கீக்கு அனுமதி கேட்கச் சொல்வதில்லை. பட்டையை அழகாக மாற்றுவதைவிட, பட்டைக்கே வேலையில்லாமல் செய்வது மேல் என்பது என் கட்சி.

பட்டை வந்த கதையும் ஐரோப்பாவிலிருந்துதான். அங்கே 2009-ல் திருத்திய சட்டமும் 2018-ல் அமலுக்கு வந்த ஜிடிபிஆர் என்ற தகவல் பாதுகாப்புச் சட்டமும் முன் அனுமதி கேட்கச் சொல்கின்றன. 'ஏற்கிறேன்' ஒரே தட்டில், 'வேண்டாம்' பல தட்டில் என்று வைத்திருந்ததற்காக 2022 ஜனவரியில் பிரான்சின் தகவல் பாதுகாப்பு அமைப்பு கூகுளுக்கு 15 கோடி யூரோ, பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோ அபராதம் போட்டது. உங்கள் பட்டையில் 'வேண்டாம்' என்பதே இல்லை! நம் நாட்டில் 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக அமலுக்கு வருகின்றன. அதில் எனக்குப் பிடித்தது, அனுமதி கேட்கும் அறிவிப்பைத் தமிழ் உட்பட அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் படிக்க வழி இருக்க வேண்டும் என்பது. பாலக்கோட்டுப் பெரியவருக்கு இங்கிலீஷ் பட்டையைக் காட்டி ஒப்புதல் வாங்கியதாகச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

நிழல் வலைக்கு வருகிறேன். நீங்கள் விலை பார்த்த சைட்டிலும் விளம்பரக் கம்பெனியின் கோட் துண்டு ஒன்று இருக்கும், செய்தி சைட்டிலும் இருக்கும். இரண்டு இடத்திலும் உங்கள் பிரவுசர் ஒரே நம்பரை அந்தக் கம்பெனிக்குக் காட்டுகிறது. இதுதான் மூன்றாம் தரப்புக் குக்கீ. ஆப்பிளின் சஃபாரி 2020-லேயே இதை மொத்தமாக அடைத்துவிட்டது. பயர்பாக்ஸில் 2022 முதல் ஒரு சைட்டில் வைத்தது இன்னொரு சைட்டில் எட்டாது. கூகுள் மட்டும் 2020-ல் "இரண்டு வருடத்தில் எடுத்துவிடுகிறோம்" என்று சொல்லி, தள்ளித் தள்ளிப் போட்டு, 2024-ல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. விளம்பரத்தில் சம்பாதிக்கிற கம்பெனியிடம் வேறென்ன எதிர்பார்ப்பது. ஆகவே குரோமில் நாமேதான் அடைக்க வேண்டும். மூன்று புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், தேர்ட் பார்ட்டி குக்கீஸ் என்று போய் 'பிளாக்' கொடுங்கள். பிறகு அதே மூன்று புள்ளியில் 'டெலீட் பிரவுசிங் டேட்டா' போய்ப் பழைய குக்கீகளை அழியுங்கள். சேமித்த பாஸ்வேர்டு இருக்கும் கட்டத்தை மட்டும் டிக் பண்ணாதீர்கள்.

பஸ் ஸ்டாண்ட் பிரவுசிங், தர்மபுரி:

மேடம் சொன்னது சரி. ஆனால் யாராவது ஆர்வத்தில் எல்லாக் குக்கீயையும் அடைத்துவிடாதீர்கள். அப்படிச் செய்துவிட்டு "லாகின் நிக்கவே மாட்டேங்குது" என்று என் கடைக்கு வருகிறவர்கள் உண்டு. உள்ளே நுழைந்த ஆளை ஞாபகம் வைப்பதே ஒரு குக்கீதான், அதையும் அடைத்தால் எப்படி நிற்கும்?

எனக்கு விளம்பரத்தைவிட அந்த லாகின் குக்கீதான் பெரிய கவலை. டிஎன்பிஎஸ்சி அப்ளிகேஷன் போட வரும் பிள்ளைகள் ஓடிபி பார்க்க மெயிலைத் திறப்பார்கள், பிரிண்ட் கைக்கு வந்ததும் எழுந்து ஓடிவிடுவார்கள். அரூர் பஸ் போய்விடுமாம். டேபை மூடினால் மெயில் மூடியதாக நினைப்பு. குக்கீ அப்படியே இருப்பதால் அடுத்து உட்காருகிறவர் பாஸ்வேர்டு இல்லாமலே அந்த மெயிலுக்குள் போய்விடலாம். அதனால் என் கடை சிஸ்டங்களில் குரோமின் 'கெஸ்ட்' விண்டோவைத்தான் திறந்து கொடுப்பேன். மூடியதும் எல்லாக் குக்கீயும் போய்விடும். நீங்கள் வேறு கடையில் லாகவுட் பண்ண மறந்திருந்தால், உங்கள் போனில் கூகுள் அக்கவுண்ட், செக்யூரிட்டி, 'யுவர் டிவைசஸ்' போய் அந்தக் கம்ப்யூட்டரை வெளியே தள்ளிவிடுங்கள்.

சந்தூர் நர்சரி:

இரண்டு பேருக்கும் நன்றி. பிக்சலை எடுத்தாயிற்று. பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான், எடுத்துவிட்டான். அனலிடிக்ஸும் போய்விட்டது. பெரியவரிடம் பேசினேன், செடி கேட்டிருக்கிறார். பட்டையை இந்த வாரம் எடுக்கிறோம்.

குரோமில் நிழல் வலை குறைந்திருக்கிறது. ஆனால் பேஸ்புக் ஆப்பில் இன்னும் விடாமல் வருகிறதே?

ஓசூர்க்காரி:

அது குக்கீ கணக்கில் வராது அண்ணா. ஆப்கள் பார்ப்பது போனுக்கு என்று இருக்கும் விளம்பர ஐடியை. போன் செட்டிங்ஸில் 'கூகுள்', அதற்குள் 'ஆட்ஸ்' போனால் 'டெலீட் அட்வர்டைசிங் ஐடி' என்று இருக்கும், அழித்துவிடுங்கள். பேஸ்புக்குக்குள் ஒரு லிங்க்கைத் தட்டினால் அந்தப் பக்கம் ஆப்புக்குள்ளேயே திறக்கும். அதன் குக்கீ குரோமில் இருப்பதில்லை, நீங்கள் குரோமில் அழித்தது அங்கே எட்டாது. மூலையில் இருக்கும் புள்ளிகளைத் தட்டி வெளி பிரவுசரில் திறக்கப் பழகிக்கொள்ளுங்கள். ஆனால் பேஸ்புக்குக்குள்ளேயே நீங்கள் எந்தப் பதிவில் நின்றீர்கள், எதற்கு லைக் போட்டீர்கள் என்பதை அவர்கள் உங்கள் அக்கவுண்டை வைத்தே கணக்கெடுக்கிறார்கள். அதற்கு பிரவுசர் செட்டிங்ஸ் எதுவும் உதவாது. அந்த விளம்பரத்தின் மேலேயே 'ஹைடு' கொடுத்துக்கொண்டு வர வேண்டியதுதான்.