சூரிய ஒளியில் ஓடும் கார்: உண்மையில் எவ்வளவு மிச்சம்?

கோயம்புத்தூர் உறுப்பினர்:

சூரிய ஒளிக் கார் கட்டுப்படியாகுமா என்று கேட்டவருக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். என் காரின் கூரையில் சூரிய மின்தகடு எதுவும் இல்லை. தகடுகள் வீட்டு மொட்டைமாடியில் இருக்கின்றன, 3 கிலோவாட். கார் ஒரு சிறிய மின்சாரக் கார். தகடுகள் அமைக்க ஏறத்தாழ இரண்டு லட்சம் ரூபாய் ஆயிற்று. அதில் 78,000 ரூபாய் ஒன்றிய அரசின் மானியமாக வங்கிக் கணக்கிற்கு வந்துவிட்டது. நம் பக்கத்து வெயிலுக்கு ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்பதால், மாதத்திற்கு 350 யூனிட்டை ஒட்டிக் கிடைக்கிறது. தென்மேற்குப் பருவ மேகங்கள் திரளும் நாள்களில் இது கணிசமாகக் குறையும்.

காருக்கு ஒரு யூனிட்டில் ஏழு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்ட 150 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். முன்பு வைத்திருந்த பெட்ரோல் கார் நகருக்குள் லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கொடுத்தது; பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டிய பிறகு அதே தூரத்திற்கு மாதம் ஆறாயிரத்து ஐந்நூறுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது.

பகலில் கார் அலுவலகத்தில் நிற்கும்போது வீட்டில் விளையும் மின்சாரம் என்னவாகும் என்று பலரும் கேட்கிறார்கள். அது நெட் மீட்டர் வழியாக மின்வாரியத்தின் கம்பிக்குச் சென்று கணக்கில் வரவாகிறது, இரவில் கார் எடுக்கும் மின்சாரம் அதில் கழிக்கப்படுகிறது. ஆகவே வீட்டில் தனியாக மின்கலம் வைக்க வேண்டியதில்லை. ஆனால் மின்தடை ஏற்பட்டால், வெயில் கொளுத்தினாலும் இந்த அமைப்பு தானாகவே நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியர்களின் பாதுகாப்புக்காக அவ்வாறு வடிவமைக்கப்பட்டிருக்கிறது. விற்பவர்கள் இதை முன்கூட்டியே சொல்வதில்லை.

மதுரை உறுப்பினர், பொறியியல் கல்லூரி ஆசிரியர்:

காரின் மேலேயே தகடு பதித்தால் என்ன என்று மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்பதுண்டு. சாதாரணக் காரின் கூரையிலும் முன்மூடியிலும் தகடு பதிக்க இரண்டு, இரண்டரை சதுர மீட்டர் இடம்தான் தேறும். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட் வீதம் ஒளி விழுந்தாலும், நல்ல தகடு அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டித்தான் மின்சாரமாக மாற்றுகிறது. தகடு சூடேறினால் விளைச்சல் மேலும் குறையும். தகட்டின் வெப்பநிலை 25 பாகை செல்சியசுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை இழப்பு. படுக்கைவாட்டில் இருக்கும் தகட்டை வெயிலின் திசைக்குச் சாய்க்கவும் வழியில்லை. எல்லாம் போக, நாள் முழுவதும் வெட்டவெளியில் நிறுத்தினால் ஒன்றரை யூனிட், அதாவது பத்துக் கிலோமீட்டர்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தப் பத்துக் கிலோமீட்டருக்காக மர நிழலை விட்டுவிட்டு மதுரை வெயிலில் காரைக் காயவிட்டால், மாலையில் உட்புறத்தைக் குளிர்விக்க ஏசியே அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடும்.

ஆஸ்திரேலியாவில் டார்வினிலிருந்து அடிலெய்டு வரை 3,000 கிலோமீட்டர் சூரிய ஒளியில் மட்டும் ஓடும் போட்டியைச் சிலர் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். 1987-இல் நடந்த முதல் போட்டியில் ஜெனரல் மோட்டார்ஸின் சன்ரேசர் சராசரியாக மணிக்கு 67 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி வென்றது உண்மைதான். ஆனால் அது ஓட்டுநர் ஒருவர் மட்டுமே அமரக்கூடிய, 300 கிலோவுக்கும் குறைந்த எடையுள்ள வண்டி. குடும்பத்தோடு திருச்செந்தூர் போக அது உதவாது. குடும்பக் காராகவே செய்து பார்த்த நெதர்லாந்தின் லைட்இயர் நிறுவனம், ஐந்து சதுர மீட்டர் தகடு பதித்த வண்டிக்கு இரண்டரை லட்சம் யூரோ விலை வைத்தது. 2022-இன் இறுதியில் தொடங்கிய உற்பத்தி 2023 ஜனவரியிலேயே நின்றுவிட்டது.

டெல்லிக் கண்காட்சிக்குச் சென்று வந்த உறுப்பினர்:

2025 ஜனவரியில் டெல்லி வாகனக் கண்காட்சியில் புனே நிறுவனமான வேவ் தன் ஈவா காரை வைத்திருந்தது. மிகச் சிறிய வண்டி. ஓட்டுபவர் நடுவில் தனியே அமர, பின்னால் ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் உட்காரலாம். அறிவிக்கப்பட்ட தொடக்க விலை 3.25 லட்சம் ரூபாய் என்றதும் கூடியிருந்தவர்கள் வியந்தார்கள், ஆனால் அது மின்கலத்தை வாடகைக்கு எடுத்துக் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் கட்டும் முறைக்கான விலை. கூரைத் தகட்டால் ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் வரை கிடைக்கும் என்றார்கள். நாளுக்கு எட்டுக் கிலோமீட்டர் சொச்சம். மேலே மதுரை ஆசிரியர் போட்ட கணக்கோடு ஒத்துப்போகிறது. வீட்டிலிருந்து கடைத்தெருவும் பள்ளியும் மட்டும் போய்வருபவருக்கு இது போதும், அவருக்கு வெயிலில் நிறுத்த இடம் இருக்குமானால்.

சென்னை உறுப்பினர்:

எனக்குச் சொந்த மொட்டைமாடி இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது மாடியில் தகடு வைக்கச் சங்கம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. எனவே என் மின்சாரக் கார் முழுக்க முழுக்க மின்வாரியத்தின் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று மிகையாகவே வைத்துக்கொண்டாலும் ஆயிரம் கிலோமீட்டருக்கு 1,500 ரூபாய்தான். கோவை நண்பரின் கணக்கோடு இதை வைத்துப் பார்த்தால், ஆறாயிரத்து ஐந்நூறில் ஐயாயிரம் ரூபாய் பெட்ரோலை விட்டதாலேயே மிச்சமாகிறது. சூரியன் மிச்சப்படுத்துவது எஞ்சிய ஆயிரத்து ஐந்நூறைத்தான். தகடு வைத்த பிறகுதான் மின்சாரக் கார் வாங்க வேண்டும் என்று காத்திருப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம்.

ஓட்டும் தூரம்தான் முக்கியம். சிறிய கார்களில் பெட்ரோல் வகைக்கும் மின்சார வகைக்கும் இடையே நான் வாங்கியபோது மூன்று லட்சம் ரூபாய் வரை வேறுபாடு இருந்தது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அது ஐந்து ஆண்டுகளில் திரும்பி வரும். நானூறு கிலோமீட்டர் மட்டும் ஓட்டும் என் தம்பிக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். போதாக்குறைக்கு 2025 செப்டம்பரில் சிறிய பெட்ரோல் கார்களின் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. அவனைப் பழைய காரையே ஓட்டச் சொல்லியிருக்கிறேன்.