வேன் கூரையில் சூரியனைத் தொடரும் சோலார் பேனல்: ஆலோசனை தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். தஞ்சாவூரிலிருந்து எழுதுகிறேன். பழைய வேன் ஒன்றைத் தங்கும் வண்டியாக மாற்றி, கூரையில் 200 வாட் சோலார் பேனல்கள் இரண்டைப் படுக்கைவாக்கில் பொருத்தியிருந்தேன். உச்சிவேளையில் குறையில்லை, காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக விழுவதால் மின்சாரம் வெகுவாகக் குறைந்தது.

ஆகவே, கிழக்கு மேற்காகச் சாயும் சட்டத்தையும், நடுவே தடுப்பு வைத்த இரண்டு ஒளி உணரிகளையும், அவ்விரண்டிலும் ஒளி சமமாகும்வரை பேனலைத் திருப்பும் 12 வோல்ட் மோட்டாரையும் பட்டறையில் சொல்லிச் செய்து பொருத்தினேன். தெளிந்த வானத்தில் ஒழுங்காக இயங்குகிறது. மேகம் ஓடும் நாளிலோ எங்கள் ஊர்த் தலையாட்டி பொம்மையைப் போல் ஆடிக்கொண்டே இருந்து, பேட்டரியையும் தின்கிறது. மார்கழியில் பறவை பார்க்கக் கோடியக்கரைக்குச் சென்றபோது, தூக்கிய பேனலில் கடற்காற்று மோதி வண்டியே அதிர்ந்தது. மூன்றாம் நாள் போல்ட்டுகளில் துருவும் ஏறியிருந்தது.

தெற்கு நோக்கிய நிரந்தரச் சாய்வு எனக்கு ஒத்துவராது, ஏறத்தாழ 10.8 பாகை வட அட்சத்தில் இருக்கும் தஞ்சையில், ஆனி மாத நண்பகலில் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. (வண்டியை நிறுத்தும் திசையும் தென்னை நிழலும் தனித் தொல்லை.)

உணரிகளை நீக்கிவிட்டு, நேரத்தைக் கணக்கிட்டுத் திருப்பும் கட்டுப்பாட்டுக் கருவியை யாரேனும் பயன்படுத்தியிருக்கிறீர்களா? காற்று வலுத்தால் பேனல் தானாகப் படுத்துக்கொள்ள என்ன ஏற்பாடு செய்தீர்கள்? அல்லது இவற்றையெல்லாம் கழற்றிவிட்டு, மூன்றாவது பேனல் ஒன்றைப் படுக்கைவாக்கில் சேர்ப்பதே மேலா? என் மனம் அந்தப் பக்கமே சாய்கிறது. இருப்பினும், வண்டியில் பொருத்திப் பார்த்தவர்களின் சொல்லைக் கேட்டே முடிவெடுக்க விரும்புகிறேன்.