டேஷ்போர்டு சத்தம்: வேலூர்ப் பக்கத்தில் வீட்டிலேயே சரிசெய்கிறவர்கள் பகிர்பவை

சத்துவாச்சாரியிலிருந்து:

முதலில் சத்தத்தைப் பிரித்துக் கேளுங்கள். ‘கிறீச் கிறீச்’ என்றால் இரண்டு பிளாஸ்டிக் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு ஒட்டி, விட்டு, மறுபடி ஒட்டி நகர்கிறது. ‘கடகட’, ‘டிக் டிக்’ என்றால் எங்கோ இடைவெளி விழுந்து ஏதோ மோதுகிறது. முதலாவதற்கு உராய்வைக் குறைக்க வேண்டும், இரண்டாவதற்கு இடைவெளியை அடைக்க வேண்டும். கிறீச் சத்தத்துக்கு ஸ்க்ரூவை இறுக்கினால் அழுத்தம் ஏறி சத்தமும் ஏறும். பலரும் தவறுவது இங்கேதான்.

கத்திரி வெயிலில் இது அதிகமாவதற்குக் கணக்கு இருக்கிறது. வெட்டவெளியில் நிற்கும் காரில் டேஷ்போர்டின் மேல்பக்கம் 70 டிகிரியைத் தாண்டும். விடியற்காலையை விட 45 டிகிரி கூடுதல் என்று வைத்துக்கொண்டால், 1.4 மீட்டர் நீளப் பிளாஸ்டிக் ஏறக்குறைய 4 மி.மீ. நீளப் பார்க்கும். உள்ளே அதைத் தாங்கும் இரும்புக் குழாய் 1 மி.மீ. கூட நீளாது. மிச்சம் முழுக்க கிளிப்பிலும் ஓரங்களிலும் போய் முட்டுகிறது. மதியம் கேட்ட சத்தம் இரவில் காணாமல் போவதும், ஏசி போட்ட பிறகு இடம் மாறுவதும் இதனால்தான்.

காட்பாடியிலிருந்து:

எதையும் பிரிப்பதற்கு முன் காரைக் காலி செய்யுங்கள். கிளவ் பாக்ஸில் இருக்கும் ஆர்.சி. கவர், மூக்குக்கண்ணாடிப் பெட்டி, கதவில் கிடக்கும் சில்லறை, டேஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையார், போன் ஹோல்டர் எல்லாம் வெளியே வரட்டும். பின்னால் ஜாக்கியும் ஸ்டெப்னியும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பின்பக்கச் சத்தம் முன்னால் வருவது போலக் காதுக்குப் படும்.

ஹைவேயில் தேடாதீர்கள், காற்றிலும் டயர் இரைச்சலிலும் அமுங்கிவிடும். கரடுமுரடான சர்வீஸ் ரோட்டில் 20 கி.மீ. வேகம், கண்ணாடிகள் மூடி, ஃபேன் நிறுத்தி. ஓட்டுகிறவர் ஓட்டட்டும். பக்கத்தில் இருப்பவர் உள்ளங்கையால் ஒவ்வோர் இடமாக அழுத்தட்டும். அழுத்தியதும் நின்றால் இடம் கிடைத்துவிட்டது. கை எட்டாத இணைப்புகளில் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பாருங்கள், ஒரு தடவைக்கு ஓர் இணைப்பு மட்டும். நாலு இடத்தில் ஒட்டி சத்தம் நின்றால் எது காரணம் என்று தெரியாது.

நிற்கும் காரிலும் தேடலாம். நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை மெதுவாக 1,000 முதல் 2,500 ஆர்.பி.எம். வரை ஏற்றுங்கள். ஒரு குறிப்பிட்ட அளவில் மட்டும் நடுங்கினால் அங்கே தளர்ந்த பொருள் இருக்கிறது. போனிலிருந்து 40 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைக் காரின் ஸ்பீக்கரில் ஓடவிட்டாலும் இதே பலன்.

குடியாத்தத்திலிருந்து:

டேஷ்போர்டைக் கழற்றும் முன் பானெட்டைத் திறந்து பாருங்கள் சார். வைப்பருக்குக் கீழே இருக்கும் கருப்பு பிளாஸ்டிக் தட்டின் கிளிப் விட்டுப்போயிருந்தால், உள்ளே உட்கார்ந்தவருக்கு டேஷ்போர்டே கிறீச்சிடுவது போலத்தான் கேட்கும். பேட்டரி கிளாம்ப், பானெட் ரப்பர் புஷ் இரண்டையும் கையால் ஆட்டிப் பாருங்கள். ஸ்பீட் பிரேக்கரில் மட்டும் ‘டொக்’ என்றால் முன்சக்கர சஸ்பென்ஷனில் இருக்கும் லிங்க் ராட், ஸ்ட்ரட் மவுண்ட் பக்கம் போங்கள்.

இன்னொன்று: கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் ஏசி ஃபில்டர் மூடி. ஃபில்டர் மாற்றிவிட்டு அதன் பூட்டுப் பல்லைச் சரியாக உட்காரவைக்காமல் விட்டால் அதுவே கடகடக்கும். கிளவ் பாக்ஸின் இரண்டு பக்கச் சுவரையும் உள்பக்கமாக அமுக்கினால் பெரும்பாலான கார்களில் அது கீழே இறங்கிவிடும், ஸ்க்ரூ தேவையில்லை. அப்படியே மூடும் இடத்து ரப்பர் குமிழ்கள் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து:

பேனலைக் கழற்ற வேண்டிய நிலை வந்தால் ஏர்பேக் விஷயத்தில் சலுகையே கிடையாது. சாவியை எடுத்து, 10 நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, குறைந்தது 10 நிமிடம் பொறுங்கள். மஞ்சள் நிறக் கனெக்டர்களைத் தொடாதீர்கள். பயணி பக்க ஏர்பேக் மூடியின் கோட்டில் ஃபெல்ட், ஸ்பாஞ்ச் எதுவும் வைக்கக் கூடாது.

மார்கழிக் காலைக் குளிரில் பேனலை இழுத்தால் கிளிப் படீரென்று உடையும். கொஞ்ச நேரம் இளவெயிலில் நிறுத்திவிட்டுத் திறங்கள், பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் தழும்பு விழும். பிளாஸ்டிக் ட்ரிம் டூல் வாங்கிக்கொள்ளுங்கள், கிளிப்புக்கு நேர் பக்கத்தில் நுழைத்து நேராக இழுங்கள்.

உள்ளே வைக்க மூன்று தடிமன் போதும். கிளிப்பைச் சுற்ற வயரிங்குக்குப் பயன்படும் துணி டேப், 19 மி.மீ. அகலம், 0.3 மி.மீ. தடிமன், ஒரே சுற்று. உரசும் ஓரங்களுக்கு 1 மி.மீ. ஃபெல்ட். 2 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் மட்டும் 3 மி.மீ. ஃபோம், அதுவும் காற்றறை மூடிய (closed-cell) வகை. மெத்தை ஸ்பாஞ்ச் இந்த வெயிலில் பொடிப்பொடியாக உதிரும். ஒட்டும் இடத்தை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்ட பிறகே ஒட்ட வேண்டும். பாலிஷ் போட்ட பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் நிற்காது.

தடிமன் கூடினால் கிளிப் முழுதாக இறங்காது. பேனல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு புதுச் சத்தம் தொடங்கும். ‘டக்’ என்று உட்காராத கிளிப்பைக் கையால் குத்தி இறக்காதீர்கள், கழற்றி டேப்பைக் குறையுங்கள்.

ஸ்டீரியோ மாற்றிய கார்களில் அதன் பின்னால் தொங்கும் கனெக்டர்களையும் ஜி.பி.எஸ். ஆன்டெனா வயரையும் துணி டேப்பால் சுற்றி, அசையாத பிராக்கெட்டோடு கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். ஸ்டீரிங் கம்பியிலோ பெடல் பக்கமோ கட்டவே கூடாது.

ஆம்பூரிலிருந்து:

எங்கள் ஊரில் தோல் துண்டுக்குப் பஞ்சமில்லை என்பதால் ஃபெல்ட்டுக்குப் பதில் அதை வெட்டி வைக்கிறார்கள். வேண்டாம். தோலின் வழவழப்பான பக்கம் பிளாஸ்டிக்கில் தேய்ந்தால் அதுவே கிறீச்சிடும், வெயிலில் காய்ந்து விறைத்தும் போகும். கிரீஸ் தடவலாமா என்று ஓர் அண்ணன் கேட்டிருந்தார். ரப்பர் பிளாஸ்டிக்கைத் தொடும் இடத்தில் சிலிகான் கிரீஸ், ஓர் அரிசி அளவு. பெட்ரோலிய கிரீஸும் துரு நீக்கும் ஸ்பிரேயும் கூடாது. முதல் வாரம் சத்தம் அடங்கியது போல இருக்கும். பிறகு அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கில் அவை விரிசலை உண்டாக்கலாம், தூசியும் சேர்ந்து பசையாகும்.

ராணிப்பேட்டையிலிருந்து, மறுபடியும்:

முன்கண்ணாடி ஓரத் தூணின் உள்பக்க மூடியைச் சொல்ல விட்டுவிட்டேன். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பாடி முறுக்கிக்கொள்ளும்போது மட்டும் கிறீச்சிட்டால் முதலில் அதைப் பாருங்கள். கர்ட்டன் ஏர்பேக் (பக்கக் கண்ணாடிகளை மறைத்து மேலிருந்து விரிவது) உள்ள கார்களில் இந்தத் தூண் மூடியின் மேல்பக்கக் கிளிப் பல மாடல்களில் ஒரு முறைதான் பயன்படும். பழையதையே மாட்டினால், ஏர்பேக் விரியும்போது மூடி பறந்து முகத்தில் அடிக்கலாம். புதுக் கிளிப்பைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு அந்த மூடியில் கை வையுங்கள்.