தொடர் இணைப்பில் ஒரு பல்பு மட்டும் எரிகிறது: மின்னோட்டம் வழியில் தீர்ந்துபோகிறதா?

கேள்வி:
வணக்கம். ஏழாம் வகுப்பில் எளிய மின்சுற்று ஒன்றைச் செய்து காட்டியபோது எனக்கே விளங்காத ஒன்று நேர்ந்தது. 1.5 வோல்ட் மின்கலங்கள் இரண்டு, டார்ச் பல்புகள் இரண்டு, ஒரு சாவி ஆகியவற்றைத் தொடராக இணைத்தேன். முதல் பல்பு நன்றாக எரிந்தது. இரண்டாவது எரியவே இல்லை. தனியாக இணைத்தால் அதுவும் எரிகிறது. "முதல் பல்பே மின்சாரத்தையெல்லாம் எடுத்துக்கொண்டது" என்று ஒரு மாணவி கூறினாள். அது தவறு என்று தெரிந்திருந்தும், அவள் ஏற்கும்படி விளக்க என்னால் இயலவில்லை.

மறுமொழி:
ஐயா, இரண்டாவது பல்பின் மின்னிழை அறுந்திருந்தால் சுற்று திறந்து, இரண்டுமே அணைந்திருக்கும். ஆகவே பல்பு பழுதில்லை. பல்பு தாங்கியின் இரு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. அந்தப் பல்பின் குறுக்கே வோல்ட்மீட்டர் சுழியைக் காட்டினால் அதுவே காரணம். அதோடு பல்புகளை இடம் மாற்றிப் பாருங்கள். மாணவி சொன்னது சரியென்றால், இதுவரை எரியாத பல்பு இப்போது எரிய வேண்டும். பல்புகளின் உலோக அடிப்பகுதியில் பொறித்துள்ள எண்களையும் தெரிவியுங்கள்.

கேட்டவர்:
இடம் மாற்றிய பின்னும் முன்பு எரிந்த பல்பே எரிகிறது. அதில் 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் என்றும், எரியாததில் 2.5 வோல்ட், 0.5 ஆம்பியர் என்றும் உள்ளது. அம்மீட்டரைச் சுற்றின் மூன்று இடங்களில் வைத்தும் 0.26 ஆம்பியரே வந்தது. வோல்ட்மீட்டர் எரியும் பல்பில் 2.1, மற்றதில் 0.8 வோல்ட் காட்டியது.

மறுமொழி:
விடை உங்கள் அளவீட்டிலேயே இருக்கிறது. மூன்று இடங்களிலும் மின்னோட்டம் ஒன்றே என்பதால், எந்தப் பல்பும் அதைத் தின்றுவிடவில்லை, பங்கிடப்பட்டது மின்னழுத்தம்தான். 0.26 ஆம்பியர் என்பது முதல் பல்புக்குத் தேவையானதற்கு மிக அருகில் இருக்கிறது, ஆனால் மற்றதற்கோ அது பாதியளவே. முழு ஒளியில் முதல் பல்பின் மின்தடை ஏறத்தாழ 8.3 ஓம், இரண்டாவதன் மின்தடை 5 ஓம். போதிய சூடேறாத டங்ஸ்டன் இழையின் மின்தடை இன்னும் குறைந்துவிடுவதால், உங்கள் சுற்றில் அது 3 ஓம் அளவுக்கே இருக்கிறது. அதனால் அதன் பங்கு மேலும் சுருங்குகிறது. அந்தப் பல்பைக் கைகளால் மறைத்து இருட்டில் பாருங்கள், மங்கிய சிவப்பொளி தெரியக்கூடும். அந்த மாணவியே முதலில் பார்க்கட்டும் என்பது என் விருப்பம்.

கேட்டவர்:
அவள்தான் முதலில் பார்த்தாள், சிவப்பொளி தெரிந்தது! பக்க இணைப்பில் எது கூடுதலாக ஒளிரும் என்று கேட்டதற்கு, சற்று யோசித்து, 0.5 ஆம்பியர் பல்பைக் காட்டினாள். நாளை இணைத்துப் பார்க்கப் போகிறோம்.

மறுமொழி:
சரியாகவே சொல்லியிருக்கிறாள். பக்க இணைப்பில் இரண்டும் சேர்ந்து 0.8 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும் என்பதால், புதிய மின்கலங்களைப் போட்டுக்கொள்ளுங்கள். பழையவற்றில் மின்னழுத்தம் சரிந்து, இரண்டு பல்புகளுமே மங்கிவிடும்.