கட்டுரையில் என் பெயர் மூன்றாவது: என்ன செய்யலாம்?

சாட்ஸ்வொர்த் மகள், டர்பன்:
அறுவை சிகிச்சையில் மூன்றாம் ஆண்டு ரெஜிஸ்ட்ரார் (சிறப்புப் பயிற்சி பெறும் மருத்துவர்) நான். குடல்வால் வெடித்து வந்த நோயாளிகளின் கோப்புகளை எட்டு மாதம், இரவுப் பணி முடிந்து நான்தான் புரட்டினேன். ஆய்வுக் கட்டுரையின் முதல் வரைவும் என்னுடையது. இதழுக்கு அனுப்பும்போது பார்த்தால் என் பெயர் மூன்றாவது. முன்னால் இருவரும் ஆண்கள். ஒருவர் ஒரு வரைபடம் போட்டார், அவ்வளவுதான். கேட்டால் தேர்வில் கை வைப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

ஃபீனிக்ஸ் அக்கா:
தங்கச்சி, பயப்படாமல் கேள். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு கட்டுரையாளராகப் பெயர் போட நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவது அல்லது திருத்துவது, இறுதி ஒப்புதல், பொறுப்பேற்பது. நான்கும் வேண்டும். வரைபடத்தோடு நின்றவருக்கு நன்றிப் பகுதிதான் இடம். ஆனால் பெயர் வரிசையை அந்தக் குழு தீர்மானிக்காது, நீங்கள்தான் பேசி முடிக்க வேண்டும். உன் வரைவு தேதியோடு இருக்கும் மின்னஞ்சல்களை எடுத்து வை. அடுத்த ஆய்வுக்குத் தொடங்கும் அன்றே வரிசையை எழுதி வாங்கிவிடு.

டோங்காட் அண்ணா:
முதல் பெயர் உழைத்தவருக்கு, கடைசிப் பெயர் வழிநடத்திய மூத்தவருக்கு. அந்தக் கடைசி இடத்தில்தான் பெண்கள் மிகக் குறைவு. பதவி உயர்வுக்கும் ஆய்வு நிதிக்கும் அதையும் பார்க்கிறார்கள். இன்னொன்று: முதலெழுத்து மட்டும் அச்சிடும் இதழில் எழுதியவர் பெண் என்பதே தெரியாது. முடிந்தால் முழுப் பெயர் போடு அம்மா.

சாட்ஸ்வொர்த் மகள்:
நன்றி அக்கா, அண்ணா. மின்னஞ்சல்கள் எல்லாம் இருக்கின்றன. திங்கட்கிழமை பேசுகிறேன்.